முயல் குட்டி இறக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

முயல் எட்டுக் குட்டி போட்டிருக்கும். மறுநாள் எண்ணினால் ஏழு. அதற்கு மறுநாள் ஐந்து. பத்தாம் நாள், குட்டி போடக் கூண்டில் வைத்த பெட்டியைத் திறந்தால் இரண்டு மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். முயல் வளர்க்கத் தொடங்கும் பலருக்கு முதல் வருடம் இப்படித்தான் போகிறது. எனக்கும் அப்படித்தான் போனது. திண்டுக்கல் பக்கம் சமவெளியில் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா என்ற இரண்டு முயல் இனங்களை வளர்க்கிறேன். அந்த முதல் வருடத்தில் ஒவ்வொரு குட்டி செத்தபோதும் ஏதோ நோய் என்று நினைத்து மருந்துக் கடைக்குத்தான் ஓடினேன். பிறந்த பத்து நாளுக்குள் நான் இழந்த குட்டிகளில் பெரும்பாலானவை குளிரிலும் பசியிலும் ஈரத்திலும் எறும்பிலும்தான் போயின என்பது பின்னால்தான் புரிந்தது. அவற்றுக்கு மருந்தே தேவையில்லை. தினமும் காலையில் பெட்டிக்குள் ஒரு முறை கையை விட்டுப் பார்த்திருந்தால் போதும்.

அதனால் கீழே உள்ளதை அறிகுறிப்படி பிரித்திருக்கிறேன். உங்கள் கூண்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும், சரிசெய்யக் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும்.

## எதற்கும் முன்னால்: காலைப் பார்வை

"கை பட்டால் தாய் குட்டியைச் சேர்க்காது" என்று சொல்வார்கள். பழகிய முயலுக்கு இது பொருந்தாது. கையைக் கழுவி, அந்தத் தாயின் படுக்கைப் புல்லில் ஒரு தடவை தேய்த்துக்கொண்டு பெட்டியைத் தொடுங்கள். முதலில் தாய்க்குக் கொஞ்சம் பசுந்தீவனம் போட்டுவிட்டால் அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும்.

தாய் தன் வயிற்றிலிருந்து பிய்த்துப் பெட்டியில் போட்டிருக்கும் முடிக் குவியலை விலக்கி, எண்ணுங்கள். செத்தது இருந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு குட்டியையும் உள்ளங்கையில் மல்லாத்திப் பாருங்கள். முதல் வாரத்தில் வயிற்றுத் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். பால் குடித்த குட்டிக்கு அந்தத் தோலுக்கு அடியில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும், வயிறு உருண்டு விறைப்பாக இருக்கும். குடிக்காத குட்டிக்கு வயிறு உள்வாங்கி, விலா ஓரத்தில் தோல் சுருக்கம் விழுந்திருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண் பழகிவிட்டால் பாதிப் பிரச்சினையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் இன்னும் நல்லது. பிறந்த குட்டி 40 முதல் 60 கிராம் இருக்கும். ஒரு வாரத்தில் அது இரண்டு மடங்காக வேண்டும்.

## அறிகுறி 1: குட்டி பெட்டிக்கு வெளியே கம்பியில் கிடக்கிறது

முதலில் குட்டியைக் கவனியுங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம்.

நாய், பூனை மாதிரி முயல் தன் குட்டியை வாயில் கவ்வித் திரும்பக் கொண்டுபோய்ப் போடாது. வெளியே விழுந்தது விழுந்ததுதான். உடம்பில் முடியே இல்லாத குட்டி, கம்பி வலையில் காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் சில்லிட்டுவிடும்.

தொட்டால் சில்லென்று இருக்கிறது, அசைவே இல்லை. உடனே தூக்கி எறியாதீர்கள். மார்கழியில் ஒரு விடியற்காலை இப்படிக் கிடந்த ஒன்றைச் செத்தது என்று நினைத்துத் தாளில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, மற்ற கூண்டுகளைப் பார்க்கப் போனேன். வெயில் ஏறிய பிறகு அந்தத் தாள் அசைந்தது. அன்றிலிருந்து சூடு ஏற்றிப் பார்க்காமல் எந்தக் குட்டியையும் செத்தது என்று முடிவு கட்டுவதில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் படுக்க வைக்கலாம். மிகவும் விறைத்திருந்தால், முழங்கையில் ஊற்றிப் பார்த்தால் இதமாகத் தெரிகிற அளவு வெந்நீரில் தலையை மட்டும் வெளியே விட்டு உடம்பை அமிழ்த்திப் பிடித்து, அசைவு வந்ததும் நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். சூடு வருவதற்கு முன்னால் ஒரு சொட்டுப் பால் கூட வாயில் விடாதீர்கள். குளிர்ந்த குட்டியால் விழுங்க முடியாது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். தோல் இளஞ்சிவப்பாகித் துள்ள ஆரம்பித்ததும் மற்றக் குட்டிகளின் நடுவில் கொண்டுபோய் வையுங்கள்.

இனி காரணம்.

எல்லாக் குட்டியும் வெளியேதான் பிறந்திருக்கின்றன. பெரும்பாலும் பெட்டி வைத்த நாள் தவறியிருக்கும். முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாள். இணை சேர்த்த தேதியைக் கூண்டில் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, 27 அல்லது 28-ஆம் நாள் பெட்டி வையுங்கள். பிந்தி வைத்தால் வெளியே போடும். ரொம்ப முந்தி வைத்தாலும் தொல்லைதான்: அதைக் கழிப்பிடம் ஆக்கிவிடும், ஈனும் நேரத்தில் அந்த நாற்றத்தில் உள்ளே போகாது. முதல் ஈத்து முயல் எல்லாம் சரியாக இருந்தும் வெளியே போடுவது உண்டு. அதன் வயிற்று முடியைக் கொஞ்சம் நீங்களே பிய்த்துப் பெட்டியில் பரப்பிக் குட்டிகளை உள்ளே வைத்துவிடுங்கள். ஈனும் சமயத்தில் முடி தளர்ந்திருக்கும், இழுத்தால் வலிக்காமல் வரும். அடுத்த ஈத்தில் பெரும்பாலும் அதுவே கற்றுக்கொள்ளும்.

ஒன்றிரண்டு மட்டும் வெளியே வருகின்றன, அதுவும் தினமும். இது காம்பைக் கவ்வியபடியே இழுபட்டு வருவது. தாய் பால் கொடுத்துவிட்டுக் குதித்து வெளியே போகும்போது, இன்னும் வயிறு நிறையாத குட்டி காம்பை விடாமல் தொங்கிக்கொண்டு வந்து வெளியில் விழும். பெட்டியின் வாசல் ஓரம் தாழ்வாக இருந்தால் இது அடிக்கடி நடக்கும். அந்த ஓரத்தில் அரை அடி உயரத்துக்குப் பலகை அடித்தால், தாய் தாண்டும்போது குட்டி பலகையில் தட்டி உள்ளேயே விழுந்துவிடும். பலகை அடித்தும் தொடர்ந்தால் தாய்க்குப் பால் போதவில்லை என்று பொருள். அறிகுறி 2-க்குப் போங்கள்.

கண் திறந்த பிறகு வெளியே வருகின்றன. 18 நாளைத் தாண்டிவிட்டால் அது இயல்பு. அதற்கு முன்னால் 12, 13 நாளிலேயே அலைந்தால் பசி, அல்லது பெட்டிக்குள் தாங்க முடியாத சூடு.

## அறிகுறி 2: வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, தொட்டால் வெடுக்கென்று எகிறுகிறது

இது பட்டினி. ஒன்றிரண்டு குட்டிக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்பதைப் பார்த்துத்தான் அடுத்த அடி.

### ஒன்றிரண்டு மட்டும் என்றால்

குட்டி அதிகம், காம்பு குறைவு. முயலுக்கு எட்டு முதல் பத்துக் காம்பு இருக்கும். பத்துக் குட்டி பிறந்தால் சின்னதுக்குக் காம்பு கிடைக்காது. அதிலும் ஒரு நாளில் தாய் பெட்டிக்குள் இருப்பதே மூன்று நான்கு நிமிடம்தான், பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ. அந்த நேரத்தில் முண்டியடிக்க முடியாத குட்டி அடுத்த 24 மணி நேரமும் பட்டினி.

இதற்குச் சரியான வழி குட்டி மாற்றுவது. அதற்காகவே நான் ஒரே நாளில் மூன்று முயலை இணை சேர்க்கிறேன். ஒன்று பத்துப் போட்டு இன்னொன்று நான்கு போட்டால், பிறந்து மூன்று நாளுக்குள் பிரித்து ஏழு ஏழாக்கிவிடலாம். மாற்றும்போது வலுவான குட்டிகளை வேறு தாயிடம் அனுப்பி, நோஞ்சானைத் தன் தாயிடமே விடுங்கள். போகும் குட்டியைப் புதிய பெட்டியின் முடியிலும் புல்லிலும் புரட்டி, குவியலின் நடுவில் வைத்து, ஓரிரு மணி நேரம் கழித்துத் தாயை விடுங்கள். வயது வித்தியாசம் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், பெரிய குட்டி சின்னதை நெருக்கித் தள்ளிவிடும்.

மாற்றுத் தாய் இல்லையென்றால், காலையில் வலுவான குட்டிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு நோஞ்சானை மட்டும் முதலில் பத்து நிமிடம் தாயிடம் விடுங்கள்.

### எல்லாக் குட்டிக்கும் என்றால்

முதலில் தண்ணீரைப் பாருங்கள். தாய் பால் கொடுக்கவில்லை என்று என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தண்ணீர்க் குழாயின் நிப்பிளை (முயல் வாய் வைத்துக் குடிக்கும் முனை) விரலால் அழுத்திப் பாருங்கள், தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று திருப்தி அடையாதீர்கள். உப்பும் பாசியும் அடைத்து, சொட்டுக்கூட வராத நிப்பிளை எத்தனையோ முறை கழற்றியிருக்கிறேன். அப்படி ஒரு அடைப்பில் ஒரு ஈத்தே மொத்தமாகப் போனது. தாய் தீவனத்தைத் தொடாமல் இருந்ததைக் காய்ச்சல் என்று நினைத்து இரண்டு நாளை வீணாக்கினேன், அந்த இரண்டு நாளும் அது தாகத்தோடு இருந்திருக்கிறது. கோடையில் இன்னொன்றும் உண்டு: வெயிலில் கிடக்கும் குழாயில் தண்ணீர் கொதிக்கும், முயல் அதைக் குடிக்காது. மதியம் குழாயில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் வரும்படி செய்யுங்கள். பால் கொடுக்கும் முயல் வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேலும் குடிக்கும்.

அடுத்து, உண்மையிலேயே கொடுக்கவில்லையா? பகல் முழுவதும் பார்த்தேன், பெட்டிப் பக்கமே போகவில்லை என்பார்கள். முயல் அப்படித்தான், நாளுக்கு ஒரு தடவைதான் போகும். குட்டி வயிற்றில் வெள்ளைப் பட்டை இருந்தால் தாயைத் தொந்தரவு செய்யாதீர்கள். பிறந்து ஒரு நாள் முழுதும் கழிந்து, இரண்டாம் நாள் காலையிலும் எந்தக் குட்டிக்கும் பட்டை இல்லையென்றால்தான் தலையிட வேண்டும். தாயை மெதுவாகத் தூக்கிப் பெட்டிக்குள் குட்டிகளின் மேல் நிற்க வைத்து, முதுகைத் தடவியபடி ஐந்து நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். குட்டிகள் தாமாகவே காம்பைத் தேடிப் பிடிக்கும். காலை, மாலை என்று இரண்டு மூன்று நாள் செய்தால் பெரும்பாலான முயல்கள் பிறகு தாமே போக ஆரம்பிக்கும்.

மடியைத் தடவிப் பாருங்கள். மிருதுவாக இருந்து, காம்பை லேசாக அழுத்தினால் பால் வந்தால் பயமில்லை. பால் இல்லாமல் சப்பையாக இருந்தால் தீவனம் போதவில்லை. அடர் தீவனத்தை (தானியம், புண்ணாக்கு கலந்த தீவனம்) சில நாளில் படிப்படியாக ஏற்றி, வேலிமசால், முயல் மசால், அகத்தி மாதிரி புரதம் உள்ள பசுந்தழையைக் கூட்டுங்கள். சூடாக, கல் மாதிரி கெட்டியாக, சிவந்தோ நீலம் பாரித்தோ இருந்தால் அது மடிநோய். இங்கே உங்கள் வேலை முடிந்தது, அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: மடிநோய் வந்த தாயின் குட்டிகளை வேறு தாயிடம் விடக்கூடாது. அந்தக் குட்டிகளின் வாயோடு கிருமி அங்கேயும் போய், நல்ல தாயின் மடியும் கெடும்.

தாயே செத்துவிட்டது என்றால் கையால் பால் கொடுக்கலாம், ஆனால் நிறையப் பிழைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பூனைக்குட்டிக்கு விற்கும் பால் மாவு கிடைத்தால் அது, இல்லையென்றால் ஆட்டுப்பால். முதல் சில நாள் வேளைக்கு 2 அல்லது 3 மில்லி, ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக, காலையும் மாலையும். குட்டியை மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுக்காதீர்கள். கொடுத்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்தால்தான் சிறுநீர் கழிக்கும்.

## அறிகுறி 3: உடம்பில் கடி, காதோ காலோ இல்லை, அல்லது குட்டியே காணவில்லை

தாய்தான் தின்றது என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

உடம்பெல்லாம் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி, கண் ஓரத்திலும் வாயிலும் அரித்த தடம். எறும்பு. பிறந்த ரத்த வாடைக்கு முதலில் வருவது அதுதான். அழகாக முடி போர்த்திய பெட்டி, விலக்கினால் உள்ளே குட்டிகள் நெளிய நெளியச் செவ்வெறும்பு மொய்த்துக்கொண்டிருந்ததை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் கூண்டுக் கால் ஒவ்வொன்றையும் ஒரு டப்பாவில் நிறுத்தி, தண்ணீரும் மேலே கொஞ்சம் பழைய இன்ஜின் ஆயிலும் ஊற்றிவிட்டேன். டப்பாவில் தூசியும் முடியும் விழுந்து பாலம் கட்டிவிடும், வாரம் ஒருமுறை பாருங்கள். சுவரில் உரசும் கம்பி, மேலிருந்து தொங்கும் கயிறு, தண்ணீர்க் குழாய் வழியாகவும் எறும்பு வரும். கூண்டுக்குள்ளே எறும்புப் பொடி தூவாதீர்கள்.

கால், காது ஓரம் துண்டாகி இருக்கிறது, அல்லது தடயமே இல்லாமல் குறைகிறது. எலி, பெருச்சாளி. தரையில் எலிப் புழுக்கை இருக்கிறதா, தீவன மூட்டையில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். கம்பி வலையின் கண் கால் அங்குலத்துக்கு மேல் இருந்தாலே சுண்டெலி நுழையும். பாம்பு வந்தால் ஒரே இரவில் பல குட்டி போகும்.

தலையோ உடம்போ பாதி தின்னப்பட்டிருக்கிறது, பிறந்த முதல் நாள். இது தாயாக இருக்கலாம். நஞ்சுக்கொடியைத் தின்னும்போது குட்டியையும் சேர்த்துக் கடித்துவிடும், முதல் ஈத்தில் இது அதிகம். தாகம் இருந்தால் இன்னும் அதிகம். ஈனும் இரவில் தண்ணீர் நிறைய இருக்கட்டும். கொட்டகையில் பூனை, நாய் நடமாட்டம், ஊர்த் திருவிழா ஒலிபெருக்கி, தீபாவளி வெடி எல்லாமே காரணம் ஆகும். மிரண்ட முயல் பெட்டிக்குள் பாய்ந்து பின்னங்காலால் மிதித்தும் கொல்லும். தீபாவளி வாரத்தில் ஈனும்படி இணை சேர்ப்பதையே நான் விட்டுவிட்டேன்.

எலி, பூனை, மிரட்சி மூன்றுக்கும் ஒரே தீர்வு உண்டு. பெட்டியைக் கூண்டிலிருந்து எடுத்து, வலை மூடி போட்டுப் பாதுகாப்பான அறையில் வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் தாயிடம் கொண்டுபோய் வைத்து, பால் கொடுத்து முடித்ததும் திரும்ப எடுங்கள். நாளுக்கு ஒரு தடவை கொடுக்கும் பழக்கம் முயலுக்கு இயற்கையாகவே இருப்பதால் இது நன்றாக வேலை செய்கிறது.

மூன்றாம் ஈத்திலும் தின்கிற முயலை வைத்திருக்க வேண்டாம். கழித்துவிடுங்கள்.

## அறிகுறி 4: செத்தே பிறக்கின்றன

ஒன்றிரண்டு செத்துப் பிறப்பது எல்லாக் கொட்டகையிலும் உண்டு. எல்லாமே செத்திருந்தால் நாள் கணக்கைப் பாருங்கள். 33 நாளைத் தாண்டி, இரண்டே குட்டி, இரண்டும் பெரிது என்றால் வெளியே வர நேரமாகி மூச்சு முட்டிச் செத்திருக்கும். சித்திரை, வைகாசியில் என்றால் வெப்பம். சினையின் கடைசி வாரத்தில் முயலால் வெயிலைத் தாங்கவே முடியாது, தாயே சாகும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று போட்டு, பக்கங்களில் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைக் கூண்டில் போட்டால் முயல் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

தாய் முக்கிக்கொண்டே இருந்து குட்டி வரவில்லை, அல்லது பாதி ஈன்று நின்றுவிட்டது, அல்லது 33 நாள் முடிந்தும் அறிகுறி இல்லை: மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஈன வைக்கும் ஊசியைக் கேள்விப்பட்ட அளவில் நீங்களே போடக்கூடாது. அடுத்தடுத்த ஈத்துகளும் இப்படியே ஆனால் இணை சேர்த்த கிடா (ஆண் முயல்) நெருங்கிய ரத்த உறவா என்று பாருங்கள்.

## அறிகுறி 5: வயிறு நிறைந்திருக்கிறது, ஆனாலும் சாகின்றன

பெட்டி ஈரமா? அடிப்புல்லுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். மேலே உலர்ந்து அடியில் நனைந்திருக்கும். ஒழுகும் நிப்பிளுக்குக் கீழே பெட்டி இருக்கக்கூடாது. அடிப்பலகையில் நான்கைந்து சிறு துளை போட்டால் மூத்திரம் வடியும். ஈரமான படுக்கையை மாற்றும்போது தாயின் முடியை மட்டும் தனியே எடுத்து வைத்துத் திரும்பப் போடுங்கள்.

குட்டிகள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்து, உடம்பு சிவந்து, வேர்த்த மாதிரி ஈரமாக இருக்கின்றனவா? சூடு அதிகம். கோடையில் பாதி முடியை எடுத்துவிடுங்கள், மரப்பெட்டிக்குப் பதிலாகக் கம்பி வலைப் பெட்டி வையுங்கள். ஒரே குவியலாக நெருக்கிக்கொண்டு அடியில் புதைந்து கிடந்தால் குளிர். மழை, பனி நாளில் படுக்கையைக் கூட்டுங்கள். குட்டி கிடக்கும் விதமே தெர்மாமீட்டர்.

கழுத்திலோ காலிலோ கயிறு சுற்றிய தடம்? தேங்காய் நாரை நீளமாக அப்படியே போட்டிருப்பீர்கள். சாக்கு நூலும் இப்படித்தான் சுருக்கு மாதிரி இறுகும். நாரைக் கையால் உதிர்த்துத் துண்டாக்கிப் போடுங்கள், அல்லது காய்ந்த புல்லே போதும்.

தோலில் சீழ்க் கொப்புளம்? பெட்டிச் சுத்தம் போதவில்லை. ஒவ்வொரு ஈத்துக்கும் பெட்டியைச் சுரண்டிக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்த பிறகே பயன்படுத்துங்கள். கொப்புளம் பல குட்டிகளுக்கு வந்தால் மருத்துவரிடம் போங்கள், தாயின் மடியையும் காட்டுங்கள்.

## அறிகுறி 6: 12 நாள் ஆகியும் கண் திறக்கவில்லை, அல்லது கால் விரிந்து போகிறது

கண் 10 முதல் 12 நாளில் திறக்கும். திறக்காமல் இமை வீங்கி ஒட்டியிருந்தால், காய்ச்சி ஆற்றிய வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து இரண்டு நிமிடம் வைத்து ஊறவிட்டு, மெதுவாகப் பிரியுங்கள். உள்ளே சீழ் இருந்தால் துடைத்துவிட்டு, கண் மருந்துக்கு மருத்துவரைக் கேளுங்கள். தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும். படுக்கையையும் அன்றே மாற்றுங்கள்.

கால் தவளை மாதிரி விரிந்தால், வழுக்கும் தகரமோ பிளாஸ்டிக்கோ அடியில் இருக்கிறதா பாருங்கள். அப்படியே சாக்கை விரிக்காமல், சொரசொரப்பான பலகை போட்டு மேலே புல் பரப்புங்கள். ஒரே ஜோடியின் குட்டிகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அது பரம்பரைக் குறை, அந்த ஜோடியை மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி 7: மூன்று வாரம் நன்றாக இருந்து, பிறகு வயிறு உப்பி, கழிந்து சாகின்றன

மனசு ரொம்ப நோவது இதில்தான். கண் திறந்து, முடி வளர்ந்து, கூப்பிட்டால் ஓடிவரும் குட்டி ஒரு மாலையில் மூலையில் கூனி உட்கார்ந்து பல்லைக் கடிக்கும், மறுநாள் இருக்காது. இங்கே பொறுத்துப் பார்க்க நேரம் இல்லை.

முதலில், அது கழிச்சல்தானா? முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். உருண்டையான காய்ந்த புழுக்கை ஒன்று. சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி பளபளப்பாக, மெத்தென்று ஒட்டியிருப்பது இன்னொன்று, அதை முயல் திரும்பத் தின்னும். அது நோய் அல்ல. பின்பக்க முடி நனைந்து அப்பியிருந்தாலோ, தண்ணீராகவோ சளி மாதிரியோ போனாலோதான் கழிச்சல்.

தீவனம் மாறியதா? புது மூட்டை, புதுக் கம்பெனி, மழைக்கு முளைத்த இளம்புல், பனி ஈரத்தோடு அறுத்த தழை, சந்தையில் இலவசமாகக் கிடைத்த முட்டைக்கோஸ் இலை, மிச்சச் சோறு, ரொட்டி, மாவு. இதில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். குட்டியின் குடல் மாவுச்சத்தைத் தாங்காது, அதற்கு நார்ச்சத்துதான் வேண்டும். பசுந்தழையை அரை நாள் நிழலில் வாட வைத்துப் போடுங்கள். தீவனம் மாற்றினால் பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

தாயைப் பிரித்தீர்களா? 30 முதல் 35 நாளில் பிரிக்கலாம். குட்டிகளைப் புதுக் கூண்டுக்கு மாற்றாமல், தாயை எடுத்துவிட்டு அவற்றைப் பழைய இடத்திலேயே விடுங்கள். அதே வாரத்தில் தீவனமும் மாறக்கூடாது, வண்டிப் பயணமும் கூடாது. ஒரு மாதக் குட்டியை வாங்கி வருபவர்கள், பழைய இடத்துத் தீவனம் இரண்டு கிலோவும் சேர்த்து வாங்கி வாருங்கள்.

தரை ஈரமா, புழுக்கை தேங்குகிறதா? அப்படியானால் ரத்தக் கழிச்சல் நோய், அதாவது காக்சிடியோசிஸ். தாய் நன்றாக இருக்கும், ஆனால் அதன் புழுக்கையில் நோய் முட்டை வெளியே வரும். ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் அது தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அதனால்தான் ஐப்பசி மழையில் இது பெருகுகிறது. தினமும் புழுக்கையை அகற்றினால் அந்தச் சங்கிலி அறுபடும். சாதாரணக் கிருமிநாசினிக்கு இந்த முட்டை சாகாது, கொதிக்கும் தண்ணீரோ நெருப்பில் வாட்டுவதோதான் வழி. கூண்டைக் காலி செய்துவிட்டு வாட்டுங்கள். தழையைத் தரையில் போடாமல் மேலே கட்டித் தொங்கவிடுங்கள். பெயரில் ரத்தம் இருந்தாலும் கழிச்சலில் எப்போதும் ரத்தம் தெரியாது. சில குட்டி கழியாமலே மெலிந்து, வயிறு மட்டும் பெருத்துச் சாகும். அப்படிச் செத்ததைத் திறந்தால் கல்லீரலில் வெள்ளைத் திட்டுகள் நிறைந்திருக்கும்.

கழிச்சலைப் பார்த்த அந்த மணியில் செய்ய வேண்டியது: குட்டியைத் தனியே பிரித்து, சூடாக வைத்து, அடர் தீவனத்தையும் பசுந்தழையையும் நிறுத்திக் காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் வையுங்கள். தண்ணீரில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்து இன்னொரு கிண்ணத்தில் வைக்கலாம். ஒரு குட்டி செத்து இன்னொன்று உப்பியிருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். புதுப் புழுக்கையைச் சிறு டப்பாவில் கொண்டுபோனால் நுண்ணோக்கியில் பார்த்து, காக்சிடியோசிஸ்தானா என்று சொல்லிவிடுவார்கள். அதற்குக் கொடுக்கும் சல்பா மருந்தின் அளவு எடைக்கு ஏற்ப மாறும், அவர் சொன்ன அளவும் நாளும் தவறக்கூடாது.

## கையில் கிடைத்ததைக் கொடுக்கும் முன்

அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின் இவற்றை முயலுக்கு வாய் வழியாகக் கொடுக்கக்கூடாது. குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, கெட்டது பெருகி, மருந்தே கழிச்சலை உண்டாக்கிக் கொல்லும். வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தேன் என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஆசையோடுதான் கொடுத்திருப்பார்கள். நாய்க்கு உண்ணி மருந்தாக வரும் பிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. கோழித் தீவனத்தில் கலந்திருக்கும் மருந்துகளில் சிலவும் அப்படியே, எனவே கோழித் தீவனம் வேண்டாம். சொறிக்குப் போடும் ஊசியும் மருத்துவர் கையால்தான்.

## காரணமே பிடிபடவில்லை என்றால்

மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு ஈத்து தொடர்ந்து போனால், செத்த குட்டியைப் புதைக்காதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 என்ற எண் இருக்கிறது. பிரேதப் பரிசோதனைக்கு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளும், பல மாவட்டங்களில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையங்களும் வழிகாட்டும். முன்கூட்டிப் பேசிவிட்டுப் போங்கள். இனத்தை மாற்ற நினைத்தால் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் (அங்கே முயலும் வளர்க்கிறார்கள்) விசாரிக்கலாம். மலைக் குளிரில் வளர்ந்த முயலைச் சமவெளிக்குக் கொண்டுவருவதாக இருந்தால் பங்குனிக்கு முன்னால் கொண்டுவந்து பழக்குங்கள்.

செத்த குட்டியைக் கொண்டுபோகும் விதமும் முக்கியம். செத்துச் சில மணி நேரத்துக்குள் இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் கட்டி போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து அன்றே கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டால் உள்ளுறுப்பு சிதைந்துவிடும், காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். கூடவே அந்தக் கூண்டு அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்: இணை சேர்த்த தேதி, ஈன்ற தேதி, எத்தனை பிறந்தது, எந்த நாளில் எத்தனை செத்தது, தீவனம் எப்போது மாறியது. மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.